தொற்றுக் காலத்தில் பல் கிளினிக்: ஃபோன் மணியிலிருந்து குப்பைப் பை வரை ஒரு முழு வழிகாட்டி

2020 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் கோவிட்டைப் பெருந்தொற்று என்று அறிவித்த பிறகு, பல் மருத்துவர்களுக்கு அறிவுரைக்குப் பஞ்சமே இருக்கவில்லை. இந்தியப் பல் மருத்துவக் கவுன்சில் சுற்றறிக்கை விட்டது. மே 19 அன்று மத்திய சுகாதார அமைச்சகம் பல் மருத்துவர்களுக்கென்றே தனி வழிகாட்டுதலை வெளியிட்டது. வாட்ஸ்அப் குழுக்களில் வெபினார் இணைப்புகள் வந்து குவிந்தன. அந்தச் சமயத்தில் பல நாடுகளில் பல் மருத்துவர்களிடம் எடுத்த கணக்கெடுப்புகளும் கிட்டத்தட்ட ஒரே கதையைத்தான் சொல்லின. வைரஸ் எப்படிப் பரவும், எந்த மாஸ்க் வேண்டும் என்று கேட்டால் சரியான விடை வருகிறது. ஒவ்வொரு நோயாளிக்கும் ரப்பர் டேம் (வேலை நடக்கும் பல்லை மட்டும் வெளியே விட்டு வாயை மூடும் ரப்பர் விரிப்பு) போடுகிறீர்களா, ஏரோட்டாரை (பல்லைக் குடையும் அதிவேகக் கருவி) ஆட்டோகிளேவ் (நீராவி அழுத்தத்தில் கிருமி ஒழிப்பது) செய்கிறீர்களா என்று கேட்டால் பதில் இழுக்கிறது.

ஆக, விழிப்புணர்வு வேறு, சாயங்காலம் ஏழு மணிக்கு நாலு பேர் காத்திருக்கும்போது நடப்பது வேறு. இந்த வழிகாட்டி அந்த ஏழு மணியை மனதில் வைத்து எழுதியது. ஒன்றிரண்டு சேர், ஒரு டாக்டர், இரண்டு அசிஸ்டென்ட், கூட்டிப் பெருக்க ஓர் அக்கா. நம் ஊர்களில் பெரும்பாலான கிளினிக்குகள் இப்படித்தான். ஒவ்வொரு படியிலும் மூன்று விஷயம் தெளிவாக வேண்டும்: யார் செய்வது, எப்போது செய்வது, செய்தாயிற்று என்று எப்படித் தெரியும்.

படி 1: ஃபோனிலேயே பாதி வேலை

தொற்று உச்சத்தில் இருக்கும் வாரங்களில் முன்பதிவு இல்லாமல் யாரும் உள்ளே வரக் கூடாது. ஃபோன் எடுப்பவர் கையில் ஐந்தாறு கேள்விகள் எழுதிய தாள் இருக்கட்டும். காய்ச்சல், இருமல், தொண்டை வலி இருக்கிறதா? வாசனை தெரிகிறதா? வீட்டில் யாருக்காவது தொற்றா? சர்க்கரை உண்டா? என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்? "அம்மா, வலி எப்படி இருக்கு? வாய் திறக்க முடியுதா, முழுங்க முடியுதா?" என்ற கேள்விதான் இதில் முக்கியமானது.

ஏனென்றால் தள்ளிப் போடக் கூடாதவை சில உண்டு. நிற்காத ரத்தம், அடிபட்டு ஆடும் பல், தாடைக்குக் கீழே பரவும் வீக்கம். வீக்கத்தோடு முழுங்கவோ மூச்சு விடவோ சிரமம் என்றால் உங்கள் கிளினிக்குக்கே வர வேண்டாம், நேராக மருத்துவமனைக்குப் போகச் சொல்லுங்கள். பல் சுத்தம், வெண்மையாக்குதல், கிளிப் போடும் ஆலோசனை எல்லாம் காத்திருக்கலாம். ஃபோனிலேயே ஆன்டிபயாட்டிக் பெயரைச் சொல்லி ஆளை அனுப்பிவிடும் பழக்கம் 2020 ஊரடங்கில் நிறையப் பேருக்கு ஒட்டிக்கொண்டது. பல்லின் நரம்பு வலிக்கு ஆன்டிபயாட்டிக் ஒன்றும் செய்யாது. அதைத் திறந்துதான் ஆக வேண்டும்.

சர்க்கரையைப் பற்றிக் கேட்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2021 இரண்டாம் அலையில் மேல்தாடைப் பற்கள் திடீரென்று ஆடுகின்றன, கன்னம் மரத்துப்போகிறது என்று பல் மருத்துவரிடம் வந்தவர்களில் சிலருக்கு இருந்தது கருப்புப் பூஞ்சை. அந்த ஆண்டு மே மாதம் தமிழ்நாடு அரசு அதைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. கோவிட் வந்து போனவர், சர்க்கரை உள்ளவர், ஸ்டீராய்டு எடுத்தவர் இந்தப் புகாரைச் சொன்னால் பல்லைப் பிடுங்கிப் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள்.

படி 2: வாசல்

இதில் நீட்டி எழுத ஒன்றும் இல்லை. நாற்காலிகளைக் குறையுங்கள், பத்திரிகைகளை எடுத்துவிடுங்கள், துணைக்கு ஒருவர் போதும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள், மாஸ்க் இல்லாதவருக்கு ஒன்று கொடுங்கள். வெயிலில் நடந்து வந்தவர் நெற்றியில் தெர்மோமீட்டரைக் காட்டி நிம்மதி அடைவதால் பெரிய பலன் கிடையாது. அறிகுறியே இல்லாமல் தொற்றோடு வருபவரை அது காட்டாது.

கிருமிநாசினியை ஆள் மேல் தெளிக்கவும் வேண்டாம். 2020 ஏப்ரலில் திருப்பூரில் கிருமிநாசினிச் சுரங்கம் வைத்தபோது நாடே ஆச்சரியமாகப் பார்த்தது. ஆனால் அதே மாதம் 18ஆம் தேதி, மனிதர்கள் மேல் தெளிப்பதால் பயன் இல்லை, கெடுதல்தான் என்று சுகாதார அமைச்சகம் சொல்லிவிட்டது.

படி 3: காற்று

பல் கிளினிக்கின் தனிச் சிக்கல் இதுதான். ஏரோட்டார், பல் காரையை எடுக்கும் அல்ட்ராசோனிக் ஸ்கேலர், காற்றும் தண்ணீரும் சேர்ந்து வரும் சிரிஞ்ச் ஆகிய மூன்றும் வாயிலிருந்து நுண்துளிகளைக் கிளப்பிவிடுகின்றன. பெரிய துளிகள் உங்கள் ஷீல்டிலும் நோயாளியின் சட்டையிலும் விழுந்துவிடும். நுண்ணியவை மிதந்துகொண்டே இருக்கும். அடுத்த நோயாளி மாஸ்க்கைக் கழற்றி வாயைத் திறப்பது அதே காற்றில்தான்.

ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறைக்குள் இருப்பதையே திரும்பத் திரும்பக் குளிரவைக்கிறது. கதவைச் சாத்தி, ஜன்னலை அடைத்து, 24 டிகிரியில் ஏசி ஓடும் அறைதான் தொற்றுக்கு மிக வசதியான அறை.

உங்கள் அறைக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றும் 10 அடி என்றால் 1000 கன அடி, அதாவது சுமார் 28 கன மீட்டர். மணிக்கு 6 முறை காற்று மாற வேண்டுமானால் 28ஐ 6ஆல் பெருக்க, மணிக்கு ஏறத்தாழ 170 கன மீட்டர். 12 முறை என்றால் 340. எக்ஸாஸ்ட் ஃபேன் பெட்டியிலும் ஏர் பியூரிஃபையர் பெட்டியிலும் மணிக்கு எத்தனை கன மீட்டர் என்று போட்டிருக்கும். தூசி படிந்து, வலை அடைத்துக்கொண்டால் அந்த அளவு கிடைக்காது. அதனால் கொஞ்சம் தாராளமாகவே வாங்குங்கள். பியூரிஃபையர் என்றால் நுண்துகளைப் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் இருக்க வேண்டும். அயனி, ஓசோன் என்று விளம்பரம் செய்பவற்றை விட்டுவிடுங்கள்.

இந்த எண்ணிக்கைதான் காத்திருக்கும் நேரத்தையும் முடிவு செய்கிறது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அட்டவணைப்படி, காற்றில் மிதப்பதில் 99 சதவீதம் வெளியேற மணிக்கு 6 முறை மாறும் அறையில் 46 நிமிடம் ஆகும். 12 முறை மாறினால் 23 நிமிடம் போதும். நல்ல எக்ஸாஸ்ட் ஒன்றில் செலவு செய்தால் ஒரு நாளில் எத்தனை பேரைக் கூடுதலாகப் பார்க்கலாம் என்று யோசித்துப் பாருங்கள்.

எக்ஸாஸ்ட் மட்டும் மாட்டினால் போதாது, காற்று உள்ளே வர எதிர்ப்பக்கம் வழி வேண்டும். 2020 வழிகாட்டுதல் சீலிங் ஃபேனை நிறுத்தச் சொன்னது, டாக்டரின் முதுகுக்குப் பின்னால் டேபிள் ஃபேன் வைத்துக் காற்றை நோயாளி பக்கம் அனுப்பச் சொன்னது, அங்கிருந்து எக்ஸாஸ்ட் வழியாக வெளியேற்றச் சொன்னது. சரியாகப் போகிறதா என்று பார்க்க ஓர் ஊதுபத்தி போதும். நோயாளி தலை வைக்கும் இடத்தில் கொளுத்திப் பிடியுங்கள். புகை உங்கள் முகத்தைத் தொடாமல் நேராக எக்ஸாஸ்டுக்குப் போனால் நல்லது. சீலிங்கில் சுற்றிவிட்டு வரவேற்பறைப் பக்கம் போனால் ஃபேனை நகர்த்துங்கள். ஒரு கிளினிக்கில் புகை போய் நின்ற இடம் அசிஸ்டென்ட் டிபன் பாக்ஸ் வைக்கும் அலமாரி.

ஃபாகிங் மெஷினைப் பற்றிக் கேட்பார்கள். அறைக்குள் வழக்கமாகக் கிருமிநாசினிப் புகை அடிப்பதை உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைக்கவில்லை. ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் மூலையில் இருக்கட்டும்.

படி 4: உடுப்பு, கழற்றும் வரிசை

நுண்துளி கிளம்பும் வேலைக்கு என்-95, கண்ணாடி அல்லது ஃபேஸ் ஷீல்டு, கவுன், கையுறை வேண்டும். வால்வு வைத்த என்-95 வேண்டாம். அது உங்கள் மூச்சை வடிகட்டாமல் நோயாளி மேல் விடும். போட்டதும் இரண்டு கையாலும் மூடி ஊதிப் பாருங்கள். மூக்கோரம் காற்று கசிந்தால் கம்பியை மறுபடி அழுத்துங்கள். தாடி வைத்திருப்பவருக்கு எந்த என்-95உம் பொருந்தாது. எடுப்பதா வேண்டாமா என்பது அவரவர் பாடு.

போடும்போது யாரும் தவறுவதில்லை. தொற்று ஒட்டுவது கழற்றும்போதுதான். முதலில் கையுறை, கை கழுவல். அப்புறம் ஷீல்டு, கவுன். கவுனை உள்பக்கம் வெளியே வருமாறு சுருட்டுங்கள். அறையை விட்டு வெளியே வந்த பிறகு, கடைசியாக மாஸ்க். முன்பக்கத்தைத் தொடாமல் நாடாவைப் பிடித்துக் கழற்ற வேண்டும். மறுபடி கை. சோப்பென்றால் 40 முதல் 60 வினாடி, ஆல்கஹால் திரவமென்றால் 20 முதல் 30 வினாடி. கையுறையோடு ஃபோன் எடுப்பதும், கையுறைக்கு மேல் சானிட்டைசர் தடவி அடுத்த நோயாளியைப் பார்ப்பதும் கூடவே கூடாது.

இந்த ஏற்பாடுகள் வேலை செய்கின்றன என்பதற்கு ஆதாரம் உண்டு. 2020 ஜூனில் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2,195 பல் மருத்துவர்களிடம் கேட்டபோது, கோவிட் வந்தவர்கள் 1 சதவீதத்துக்கும் குறைவாக இருந்தார்கள். மிக அபாயமான தொழில் என்று ஊரே பயந்த நேரம் அது.

படி 5: வாய்க்குள்

முதலில் வாய் கொப்பளிப்பு. மருந்துக் கடை பீட்டாடின் கார்கிள் 2 சதவீதம். ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் சேர்த்தால் 0.2 சதவீதம் ஆகும். ஹைட்ரஜன் பெராக்சைடு 6 சதவீதமாகக் கிடைக்கும், அதற்கு ஐந்து பங்கு தண்ணீர். 20 வினாடியாவது கொப்பளிக்க வேண்டும். அயோடின் ஒவ்வாமை, தைராய்டு தொல்லை, கர்ப்பம் என்றால் பீட்டாடின் வேண்டாம். கொப்பளிப்பது எச்சிலில் உள்ள வைரஸைக் கொஞ்ச நேரத்துக்குக் குறைக்கும், அவ்வளவுதான். அதை நம்பி அடுத்த இரண்டையும் விட்டுவிடாதீர்கள்.

ரப்பர் டேம் முடிந்த இடத்திலெல்லாம் போடுங்கள். ரூட் கேனாலுக்கு மட்டும் என்று இல்லை, சாதாரண அடைப்புக்கும்தான். அப்புறம் சக்ஷன். வாயோரத்தில் தொங்கும் மெல்லிய எச்சில் குழாய் இதற்குப் போதாது. 8 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் வாயுள்ள ஹை வால்யூம் சக்ஷன் வேண்டும். அதை அசிஸ்டென்ட் பர்ரின் (பல்லைக் குடையும் முனை) பக்கத்திலேயே பிடித்திருக்க வேண்டும். ஒழுங்காகப் பிடித்தால் கிளம்பும் துளிகளில் பெரும்பகுதி அங்கேயே அடங்கிவிடும். அசிஸ்டென்ட் இல்லாமல் தனியாக ஸ்கேலர் பிடிக்கும் நாளில் கைக்கருவியால் சுத்தம் செய்வதே நல்லது.

2021இல் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வு ஒன்று பலருடைய பயத்தைக் குறைத்தது. சிகிச்சைக்குப் பிறகு சுற்றிலும் விழுந்த துளிகளில் இருந்த கிருமிகள் எங்கிருந்து வந்தன என்று மரபணுவை வைத்துப் பார்த்தார்கள். பெரும்பாலானவை எச்சிலிலிருந்து வரவில்லை, சேரின் தண்ணீர்க் குழாயிலிருந்து வந்திருந்தன. நல்ல செய்திதான். ஆனால் அந்தத் தண்ணீர் எப்படி இருக்கிறது என்ற கேள்வி பின்னாலேயே வருகிறது. எட்டாம் படியில் பார்ப்போம்.

படி 6: நோயாளி எழுந்த பிறகு

லைட் கைப்பிடி, சேர் பட்டன், டிரே, சிரிஞ்ச் பிடி எல்லாவற்றிலும் பிளாஸ்டிக் உறை ஒட்டியிருந்தால் வேலை பாதியாகும். உரித்துப் போட்டுப் புதிதாக ஒட்டினால் முடிந்தது. உறை இல்லாத இடங்களை முதலில் துடைத்து அழுக்கெடுத்து, பிறகு கிருமிநாசினி போட வேண்டும். தரைக்கும் ரத்தம் சிந்திய இடத்துக்கும் 1 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட். 5 சதவீத கேனில் ஒரு பங்குக்கு நாலு பங்கு தண்ணீர். 10 நிமிடம் ஈரமாக இருக்க வேண்டும். தினமும் புதிதாகக் கலந்து பாட்டிலில் தேதி எழுதுங்கள், நேற்றைய கரைசல் பலமிழந்துவிடும். உலோகத்தையும் சேர் ரெக்சினையும் அது அரிக்கும். அங்கெல்லாம் 70 சதவீத ஆல்கஹால் போதும்.

அக்காவிடம் ஒன்றை உட்காரவைத்துச் சொல்லுங்கள்: ஹைப்போவோடு கழிவறை ஆசிட்டைக் கலந்தால் வருவது குளோரின் வாயு.

படி 7: கருவிகள்

கழுவாத கருவி ஸ்டெரைல் (கிருமியே இல்லாதது) ஆகாது. ரத்தம் காய்வதற்குள் ஊறவைத்து, தடித்த ரப்பர் கையுறையோடு தேய்த்து அல்லது அல்ட்ராசோனிக் தொட்டியில் போட்டு, கழுவி, உலர்த்தி, பவுச்சில் (நீராவி புகும் உறை) போட வேண்டும். ஆட்டோகிளேவில் 121 டிகிரி, 15 பி.எஸ்.ஐ. அழுத்தம். பவுச்சில் போட்டவை என்றால் 30 நிமிடம். 134 டிகிரி மெஷின் என்றால் அதன் கையேட்டில் உள்ள நேரம். நேரத்தை எண்ணத் தொடங்க வேண்டியது அந்த வெப்பநிலை வந்த பிறகு, சுவிட்ச் போட்டதிலிருந்து அல்ல. குக்கர் மாதிரியான பழைய மெஷினில் உள்ளே இருக்கும் காற்று முழுக்க வெளியேறாவிட்டால் அழுத்தம் காட்டும், வெப்பம் ஏறியிருக்காது. பவுச்களை அமுக்கி அடைக்காதீர்கள். ஈரமாக வெளியே வந்த பவுச்சை மறுபடி ஓட்டுங்கள்.

பவுச்சின் நிறம் மாறியிருப்பது சூடு பட்டது என்று மட்டும்தான் சொல்லும். உள்ளே ஐந்தாம் வகை இன்டிகேட்டர் பட்டை (வெப்பம், நேரம், நீராவி மூன்றும் போதுமான அளவு கிடைத்ததா என்று காட்டுவது) ஒன்று வையுங்கள். வாரம் ஒரு முறை ஸ்போர் சோதனை (எளிதில் சாகாத கிருமியை உள்ளே வைத்து, செத்ததா என்று பார்ப்பது) செய்து முடிவை நோட்டில் ஒட்டுங்கள். புற ஊதா விளக்குப் பெட்டி ஸ்டெரைல் ஆனதை வைக்கும் அலமாரி, அதுவே ஸ்டெரைல் செய்யாது. குளூட்டரால்டிஹைடு என்ற கிருமிநாசினியில் 20 நிமிடம் முக்கி எடுப்பதும் ஸ்டெரிலைசேஷன் இல்லை, அதற்கு 10 மணி நேரம் வேண்டும். கொதிக்கும் தண்ணீரைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

இப்போது ஏரோட்டார். நின்றவுடன் அது வாயிலிருப்பதைக் கொஞ்சம் உள்ளே இழுக்கும். அடுத்த நோயாளிக்கு ஓடும்போது அதே பொருள் வெளியே வரும். வெளியே ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தால் உள்ளே எதுவும் ஆகாது. இது தெரியாத பல் மருத்துவர் இல்லை. அப்படியும் துடைத்துவிட்டு மாட்டுவது ஏன்? கிளினிக்கில் இருப்பதே இரண்டு ஏரோட்டார், அதுதான் காரணம். ஒன்றைக் கழுவி, எண்ணெய் விட்டு, பவுச்சில் போட்டு, ஓட்டி, ஆறவைக்க ஒரு மணி நேரம் ஆகிறது. ஒரு நாளைக்கு எட்டுப் பேருக்கு ஏரோட்டார் போடுகிறீர்கள் என்றால் குறைந்தது ஐந்து ஏரோட்டார் வேண்டும். முடிந்தால் குழாய் போன்ற உட்புறத்திலிருந்து காற்றை இழுத்துவிட்டு நீராவி செலுத்தும் பி வகை ஆட்டோகிளேவும். 2020இல் பிபிஇ கிட்டுக்குப் போன பணத்தில் ஒரு பகுதி இதற்குப் போயிருக்கலாம் என்பது என் கருத்து. தொற்று முடிந்த பிறகும் ஏரோட்டார் வேலை செய்யும்.

படி 8: தண்ணீரும் சலைனும்

ஊரடங்கில் வாரக்கணக்கில் மூடிக் கிடந்த கிளினிக்குகளில் சேரின் மெல்லிய குழாய்களுக்குள் தண்ணீர் தேங்கி நின்றது. தேங்கினால் உட்சுவரில் கிருமிப் படலம் வளரும். இது கற்பனை ஆபத்து இல்லை. 2011இல் இத்தாலியில் 82 வயது மூதாட்டி ஒருவர் பல் கிளினிக் தண்ணீரிலிருந்து வந்த லெஜியோனெல்லா என்ற பாக்டீரியாத் தொற்றால் இறந்தார். 2016இல் கலிபோர்னியாவின் அனஹைமில், பால் பல்லுக்கு நரம்பு சிகிச்சை செய்த குழந்தைகளுக்கு அந்தத் தண்ணீரிலிருந்து தொற்று தாடை எலும்பு வரை போனது.

மொட்டைமாடி சின்டெக்ஸிலிருந்து சேருக்கு நேராகக் குழாய் வந்தால் அதைத் துண்டித்துத் தனி பாட்டில் வையுங்கள். காலையில் 2 நிமிடம், ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் 20 முதல் 30 வினாடி தண்ணீரை ஓடவிடுங்கள். இரவில் பாட்டிலைக் காலி செய்து குழாயை உலர விடுங்கள். சேர் கம்பெனி சொல்லும் மருந்தை அந்தந்தக் கிழமையில் போடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை தண்ணீரை லேபுக்கு அனுப்பலாம். மில்லிலிட்டருக்கு 500 கிருமிக் கூட்டங்களுக்கு மேல் இருக்கக் கூடாது. எலும்பைத் தொடும் எந்த வேலைக்கும் இந்தத் தண்ணீர் ஆகாது, ஸ்டெரைல் சலைன்தான்.

அந்தச் சலைனும் எப்படித் திறக்கப்படுகிறது என்பதைப் பொறுத்ததே. கோவிட் அலைகள் ஓய்ந்த 2022–23இல், தமிழ்நாட்டின் வட மாவட்டங்களில் மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா மூளையைத் தாக்கும் நோய் பரவியது. வேலூர் சி.எம்.சி.யும் ஐ.சி.எம்.ஆர். நிறுவனமும் மாநிலப் பொது சுகாதாரத் துறையும் சேர்ந்து தேடிப் போனபோது, பல நோயாளிகள் வாணியம்பாடியில் ஒரே பல் கிளினிக்குக்குப் போயிருந்தது தெரிந்தது. அவர்களில் 8 பேர் இறந்தார்கள். 2025இல் வெளியான அந்த ஆய்வு காட்டிய வழி இது: சலைன் பாட்டிலை அறுவைக் கருவியாலேயே திறந்து, சரியாக மூடாமல் வைத்து, மறுபடி அடுத்தவருக்குப் பயன்படுத்தியது.

100 மில்லிலிட்டர் பாட்டில் வாங்குங்கள். ஒருவருக்கு ஒன்று. ரப்பர் மூடியை ஆல்கஹாலால் துடைத்து, ஸ்டெரைல் ஊசியால் எடுங்கள். மிச்சத்தை நோயாளி எழும்போதே கொட்டிவிடுங்கள். பாதி மிச்சம் இருக்கிறதே என்று மனம் வராதவர்கள், அந்த வேலையை அசிஸ்டென்டிடம் விட்டுவிடுவது உத்தமம்.

படி 9: லேபுக்கும் குப்பைக்கும்

அளவெடுத்த அச்சை ஓடும் தண்ணீரில் கழுவி, கிருமிநாசினி போட்டு, மறுபடி கழுவிய பிறகுதான் லேப் பையனிடம் கொடுக்க வேண்டும். கவரின் மேல் "சுத்தம் செய்தது" என்று எழுதுங்கள். திரும்பி வரும் செட்டுக்கும் இதே வேலை.

2016 உயிரிமருத்துவக் கழிவு விதிப்படி ரத்தப் பஞ்சு, பிடுங்கிய பல், மாஸ்க் மஞ்சள் பையில். கையுறை, ஊசி நீக்கிய சிரிஞ்ச், சக்ஷன் முனை சிவப்பில். ஊசியும் பிளேடும் துளைக்க முடியாத வெள்ளை டப்பாவில். கண்ணாடிக் குப்பிகள் நீலத்தில். அமால்கம் (பாதரசக் கலவை) அடைத்த பல்லை மட்டும் எரிக்கப் போகும் மஞ்சள் பையில் போடாதீர்கள், பாதரசம் ஆவியாகும். 48 மணி நேரத்துக்கு மேல் கிளினிக்கில் வைத்திருக்கக் கூடாது. வண்டி வராத நாளை நோட்டில் குறித்து வையுங்கள்.

படி 10: வேலை செய்பவர்கள்

தொற்றுக் காலத் தடுப்பூசியோடு ஹெபடைடிஸ் பி ஊசியும் அனைவருக்கும் வேண்டும். அனைவருக்கும் என்றால் குப்பைப் பையைக் கட்டும் அக்காவுக்கும்தான். 0, 1, 6 மாதங்களில் மூன்று ஊசி. கடைசி ஊசி போட்டு ஒன்றிரண்டு மாதத்தில் ரத்தப் பரிசோதனை. அதில் எதிர்ப்புப் பொருளின் அளவு 10க்குக் கீழ் என்றால் மறுபடி போட வேண்டும். காய்ச்சல் என்று சொல்லும் ஊழியருக்குச் சம்பளத்தோடு லீவு கொடுங்கள். சம்பளம் போகும் என்று தெரிந்தால் யாரும் காய்ச்சலைச் சொல்ல மாட்டார்கள், பாராசிட்டமால் போட்டுக்கொண்டு வந்து சக்ஷன் பிடிப்பார்கள்.

ஊசி மூடியை இரண்டு கையால் போடாதீர்கள். டிரேயில் வைத்து ஒரே கையால் கோரி எடுங்கள். அப்படியும் குத்திவிட்டால் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள், பிதுக்க வேண்டாம், வாயில் வைக்கவே வேண்டாம். நோயாளி கிளம்புவதற்குள் அவர் ஒப்புதலோடு ரத்தம் எடுத்துவிடுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரத்தைத் தாண்டினால் பயனில்லை. தொடங்கினால் 28 நாள் சாப்பிட வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. சிகிச்சை) மையத்தில் கிடைக்கும். பக்கத்தில் இருப்பது எது, இரவில் யாரைப் பார்க்க வேண்டும் என்பதை இப்போதே விசாரித்து, கை கழுவும் இடத்துக்கு மேலே ஒட்டி வையுங்கள்.